ஆயிலின் மேல் போட்ட பழி

முதல் சர்வீசுக்கு வண்டியை விடுவதற்கு முன் என் வீட்டு மணியை அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மெக்கானிக்குக்கும் வைத்தியருக்கும் ஓய்வு கிடையாது என்பது எங்கள் தெருவின் எண்ணம். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், புது வண்டி. சாதா ஆயிலை எடுத்துட்டு சிந்தெடிக் ஊத்தலாமா?" "ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். உட்காருங்கள் என்றுகூடச் சொல்வதில்லை. "இன்னா மனுஷன்யா நீ, ஊடு தேடி வந்தவங்கள நிக்க வச்சே அனுப்புற" என்று என் மனைவி திட்டுவாள். திட்டட்டும்.

போன மாதம் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். பையன் என்று பேர், இப்போது அங்கே சர்வீஸ் மேனேஜர். ஆண்டு மலர் போடுகிறார்களாம், என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "சிரிக்கிற மாதிரி நாலு சம்பவம் எழுதுங்க சார்" என்றான். சிரிக்கிற மாதிரி என்னிடம் நான்கு இல்லை, ஒன்றுகூட இல்லை. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. மலரில் போடுவார்களோ குப்பையில் போடுவார்களோ, எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா திருமழிசையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். நான் ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு இடங்களில் அப்பரண்டிசாக அடிபட்டு, எண்பதுகளின் நடுவில் ஒரு கார் சர்வீஸ் பட்டறையில் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். முதல் பதினான்கு வருஷம் மெக்கானிக், அதற்குப் பிறகு போர்மேன். அந்தப் 'பிறகு' எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

எனக்கு முன்னால் போர்மேனாக இருந்தவர் மரியதாஸ். வீடு காட்டுப்பாக்கத்தில். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எவனாவது வேலையில் கோட்டை விட்டால் பக்கத்தில் கூப்பிட்டு, "நைனா, இத்த உன் வண்டின்னு நெனச்சிகினு இன்னொரு வாட்டி பாரு" என்பார். அதற்கு நான்கு பேர் முன்னால் திட்டியிருக்கலாம் என்று தோன்றும். வேலை முடிந்ததும் கையை முதலில் மண்ணெண்ணெயில், பிறகு மரத்தூளில், கடைசியில் சோப்பில் கழுவுவார். கழுவாத கையால் ஒரு காகிதத்தைத் தொடமாட்டார்.

ஆயில் மாற்றுவது எங்கள் தொழிலில் ஆகக் கீழான வேலை. புதிதாகச் சேர்ந்தவனிடம் தள்ளிவிடுவோம். மரியதாஸ் மட்டும் அதை அப்படி நினைக்கவில்லை. வண்டியைத் தானே பக்கத்து ஊரான பாடி வரை ஓட்டிப் போய் இஞ்சினைச் சூடேற்றிக்கொண்டு வருவார். அடியில் படுத்து, ஆயிலை இறக்கும் பிளக்கை ஸ்பானரால் அரைச் சுற்று தளர்த்துவார். மீதியை வேஸ்ட் துணி சுற்றிய விரலால் திருகுவார். இறங்குகிற ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார், ஒரு காந்தத்தை அதில் துழாவி இரும்புத்தூள் ஒட்டுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். நாங்கள் ஒழுகல் நின்றதும் பிளக்கை மாட்டிவிடுவோம். அவர் சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் ஒரு டீ குடித்து முடிக்கிற அளவு இடைவெளி வரும்வரை காத்திருப்பார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பிளக் வெளியே வந்துவிட்டால் வண்டியின் சாவி வண்டியில் இருக்கக்கூடாது. பிளக்கையும் சாவியையும் கம்பியால் ஒன்றாகக் கட்டி, தன் மேஜைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவிடுவார். சாவி வேண்டுமென்றால் பிளக்கைத் தொட்டாக வேண்டும், தொட்டால் ஆயில் நினைவு வரும். ஆயில் இல்லாத இஞ்சினை எங்கள் பட்டறையில் அதுவரை யாரும் ஸ்டார்ட் செய்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கார்புரேட்டர் இல்லாத புதுக் கார்கள் வர ஆரம்பித்தன. முதலாளி கம்ப்யூட்டர் வைத்துச் சோதிக்கும் கருவியை வாங்கி, புது வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு திறக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு யாரைத் தலைவராகப் போடுவது என்று அவருக்குக் குழப்பம். மரியதாசுக்கு அப்போது ஐம்பத்தைந்து. பழைய பிரிவு மெல்ல மூடப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், புதுப் பிரிவு கிடைக்காவிட்டால் அவருக்கு வேலையே இல்லை. சின்னப் பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "மூணு வருஷம் ஓட்டிட்டா போதும் கஜா, அவ கையில சர்டிபிகேட் வந்துடும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தால் என்ன என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சண்முகவேல் தன் காரைக் கொண்டு வந்தார். ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்சில் இருந்த திருநெல்வேலிக்காரர். காருக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. மஸ்கட்டில் இருந்த மகன் லீவில் வந்தபோது, கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து ஒரு கேன் சிந்தெடிக் ஆயில் கொண்டு வந்திருந்தான். சாதாரண ஆயில் பூமியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது. இது தொழிற்சாலையில் பக்குவம் பார்த்துச் செய்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

"இத ஊத்துனா இஞ்சின் பொன்னு போல இருக்கும்னு பய சொல்லுதான். ஊத்தலாமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க போர்மேன்" என்றார் சண்முகவேல்.

மரியதாஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கேனின் மேல் இருந்த பொடி எழுத்தை முழுக்கப் படித்தார். நான் மூடியில் கொஞ்சம் ஊற்றி விரலில் தேய்த்துப் பார்த்தேன். "தண்ணி மாரி கீது போர்மேன். நம்ம வெயிலுக்கு இது தாங்குமா? கெட்டியா ஊத்துனாத்தானே இஞ்சினுக்கு பலம்."

"கெட்டியா கீறது பலம் இல்ல கஜா. இந்த இஞ்சின்ல சந்து எல்லாம் ரொம்ப சின்னது. மெல்லிசா கீறதுதான் சீக்கிரமா மேல ஏறும். சூட்டுலயும் நிக்கும்."

முதலாளி எட்டிப் பார்த்தார். "மரியதாஸ், நமக்கு எதுக்குப்பா இந்த வம்பு? புது வண்டி. ஏதாவது ஆச்சுன்னா?"

"என் பொறுப்பு சார்."

மறுநாள் ஆயுத பூஜை. பூஜையில் வைத்த ஸ்பானரை அன்று தொடமாட்டோம், விஜயதசமி காலையில்தான் எடுப்போம். கார் வந்த அன்று மாலையே பழைய ஆயிலை இறக்கிவிட்டால் ஒரு நாள் முழுக்கச் சொட்டும், பழசு ஒரு பொட்டுகூட மிஞ்சாது, விஜயதசமி நல்ல நாள், புதுசு ஊற்றலாம் என்று மரியதாஸ் கணக்குப் போட்டார். மற்றவர்கள் பட்டறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் கடைசி மூலையில் அந்தக் காரின் ஆயிலை இறக்கி, அடியில் தட்டு வைத்தார். பிளக்கும் சாவியும் ஆணிக்குப் போயின. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், பூஜைக்கு வரமாட்டார், முடிந்ததும் பொரி வாங்கிக்கொள்ள வருவார். ஆனால் பூஜைக்கு வைக்கிற அத்தனை ஸ்பானரையும் முதல் நாளே டீசலில் கழுவித் துடைத்து, அளவு வாரியாக அடுக்கி வைத்துவிட்டுப் போவது அவர்தான்.

பூஜையன்று வாசலில் கோலம், ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. பட்டறையில் நின்ற வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒவ்வொன்றாக ஏற்றி நசுக்குவது வழக்கம். சண்முகவேலும் அவர் மனைவியும் காருக்கு ஒரு மாலையோடு வந்துவிட்டார்கள்.

"எல்லா வண்டியும் வரிசையில நிக்கு, நம்ம வண்டிய மட்டும் உள்ளயே போட்டு வச்சிருக்கியளே" என்றார் அந்த அம்மாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "கஜேந்திரா, அதையும் கொண்டு வந்து வரிசையில விடு. நல்ல நேரம் முடியப்போகுது."

வண்டியில் ஆயில் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற சுமங்கலியின் எதிரில் 'இல்லை' என்ற வார்த்தையை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட அன்றைக்கு இல்லை என்று சொல்வதில்லை. அதனால்தான் வாய் வரவில்லை என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, பதினான்கு வருஷத் திமிர். ஓட்டிப் போக இருபது அடி, நசுக்க இரண்டு அடி, உள்ளே ஒட்டியிருக்கிற பிசுக்கே போதும் என்று நினைத்தேன்.

ஆணியிலிருந்து எடுத்துக் கம்பியைப் பிரித்தேன். கோலத்தில் சொட்டக்கூடாது என்று பிளக்கைக் கையாலேயே திருகி மாட்டினேன். ஸ்பானர்கள் பூஜையில் இருந்தன. வண்டியை ஸ்டார்ட் செய்து வரிசைக்குக் கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஐந்து வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் பொட்டு, கற்பூரம், பூசணிக்காய். பூஜை வரிசையில் நிற்கிற வண்டியை அணைத்தால் அபசகுனம் என்று எல்லா வண்டியும் ஓடிக்கொண்டேதான் நிற்கும். நானும் அணைக்கவில்லை. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு தட்டல் சத்தம் வர ஆரம்பித்தது, ஒலிபெருக்கிச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பாட்டு முழுசாக முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. பிறகுதான் என் முறை வந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கினேன். அந்த அம்மாள் கும்பிட்டார்.

வண்டியைப் பழைய இடத்துக்கே கொண்டு போய் நிறுத்தி, பிளக்கை எடுத்து, தட்டை அடியில் தள்ளி, டயரைத் துடைத்து, பிளக்கையும் சாவியையும் முன்போலவே கம்பியால் கட்டி ஆணியில் மாட்டினேன். தப்புச் செய்தது ஒரு அவசரத்தில். இதைச் செய்தது நிதானமாக.

பதினொரு மணிக்கு மரியதாஸ் வந்தார். பொரியை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனவர் காரில் மாலையைப் பார்த்தார். "வண்டிய நவுத்துனியா கஜா?"

"இல்ல போர்மேன். அம்மா மாலை எடுத்தாந்தாங்க, உள்ளயே வச்சு போட்டோம்."

"அதானே" என்று தலையாட்டிவிட்டு, பொரியில் இருந்த கடலையைப் பொறுக்கி எனக்குக் கொடுத்தார்.

விஜயதசமி காலையில் புது பில்டர், புதுச் செம்பு வாஷர் எல்லாம் போட்டு, சிந்தெடிக் ஆயிலை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். இஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. அதைக் கேட்டபோது எனக்கு உயிர் வந்தது. ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கார் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. இஞ்சினுக்குள் சுத்தியால் அடிக்கிற சத்தம். மரியதாஸ் தானே பிரித்தார். உள்ளே தண்டைத் தாங்குகிற பேரிங்குகள் போய்விட்டிருந்தன. அவற்றை ஒரு செய்தித்தாளில் வரிசையாக வைத்து முதலாளி அறைக்கு எடுத்துப் போனார். சண்முகவேலும் இருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"சார், இது ஆயில் குத்தம் இல்ல" என்றார் மரியதாஸ். "பேரிங்கப் பாருங்க. தேய்ஞ்சிகினு போவல, தீஞ்சி போயிருக்குது. இந்த இஞ்சின் ஆயில் இல்லாம ஓடியிருக்கு."

"ஆயில் ஊத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"ஊத்தாம அனுப்பிட்டியா?"

"ஊத்துனேன் சார். இப்பவும் அளவு கம்பியில முழுசா கீது."

"அப்புறம் எப்பய்யா ஆயில் இல்லாம ஓடிச்சு?"

மரியதாஸ் சண்முகவேல் பக்கம் திரும்பினார். வழியில் சிவப்பு விளக்கு எரிந்ததா என்று மெதுவாகக் கேட்டார். அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்கள நம்பித்தானய்யா ஊத்துனேன். இப்ப எம்மேலயே திருப்புதீரு?"

பூஜையன்று வண்டி ஓடியது முதலாளிக்கும் சண்முகவேலுக்கும் தெரியும். அப்போது ஆயில் இல்லை என்பது மரியதாசுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். யாராவது ஒருவர் வாயில் பூஜை என்ற சொல் வந்திருந்தால் போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

முதலாளி என்னிடம் திரும்பினார். "கஜேந்திரா, நீ என்ன சொல்ற?"

"அந்த ஆயில் ரொம்ப மெல்லிசு சார். நான் அன்னிக்கே சொன்னேன்."

மரியதாஸ் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ ஒன்றை மறந்துவிட்டு, அதை என் முகத்தில் தேடுகிறவர் போலப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி முதலில் ஆயிலின் மேல் விழுந்தது, அங்கிருந்து அதை ஊற்றச் சொன்னவர் மேல் விழுந்தது. சண்முகவேலுக்கு இஞ்சினைப் பட்டறையே சரி செய்து கொடுத்தது. புதுப் பிரிவு மரியதாசுக்கு இல்லை என்று ஆயிற்று. இதெல்லாம் நான் எதிர்பார்த்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதருக்குத் தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆயில் ஊற்றிய வண்டிக்கு ஒரு தடவை அளவு பார்ப்பவர், மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தார். வெளியே போன வண்டியைத் தெருமுனை வரை ஓடிப் போய் நிறுத்தி மறுபடியும் பார்த்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் மதியம் டிபன் பாக்சைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கஜா, அன்னிக்கு நான் பில்டர சரியா மாட்டுனேனா? நீ பக்கத்துலதானே இருந்தே, பாத்தியா?"

"கவனிக்கல போர்மேன்" என்றேன்.

பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. தையில் என்னைப் போர்மேன் ஆக்கினார்கள். இரண்டு வருஷத்தில் சிந்தெடிக் ஆயில் எங்கள் பட்டறைக்கே பெட்டி பெட்டியாக வர ஆரம்பித்தது. புது வண்டிகளுக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அவர் சொன்ன அதே காரணங்களைத்தான் சொன்னார்கள். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். எத்தனையோ வண்டிகளுக்கு ஊற்றினேன். ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை.

போர்மேன் சம்பளத்தில் திருமழிசையில் ஒரு வீடு கட்டினேன். குடிபோகிற பத்திரிகையை வைக்கக் காட்டுப்பாக்கம் போனேன். பத்திரிகை ஒரு சாக்குத்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்சில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அடுத்த வருஷம் இறந்துவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தார். காக்கிச் சட்டையோடு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். சின்னப் பெண் படிப்பை முடித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "வா நைனா, ஊடு கட்டிட்டியாமே, சந்தோசம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி டீ போட உள்ளே போனார்.

"போர்மேன், அந்த ஆவடி வண்டி" என்று ஆரம்பித்தேன்.

கையைக் காட்டி நிறுத்தினார். "நானே உன்னாண்ட பேசணும்னு இருந்தேன் கஜா. அத்த நெனச்சா இன்னிக்கும் எனக்கு தூக்கம் வர்ல. நீ வாணாம்னுதான் சொன்னே. நான்தான் எல்லாம் தெரிஞ்சவன் மாரி ஊத்துனேன். ஒரு மனுஷன் வண்டிய கெடுத்தேன். அத்தோட வுட்டேனா? தப்ப ஒத்துக்காம, ஆயில் இல்லாம ஓடுச்சின்னு யார் தலையிலயோ கட்டப் பாத்தேன்."

"அப்படியெல்லாம் இல்ல போர்மேன்."

"இரு, சொல்லிடுறேன். உன் மேலயும் சந்தேகப்பட்டேன் நைனா. பூஜை அன்னிக்கு நீ எதுனா பண்ணிட்டியோன்னு ரொம்ப நாளு மனசுல வச்சிகினு இருந்தேன். உன்ன போயி அப்படி நெனச்சேனே. மாதா கோயில்ல சாமியார்கிட்ட கூட சொல்லிட்டேன். உன்னாண்டதான் சொல்லல. மன்னிச்சிடுப்பா."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி டீயோடு வந்து, நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"விடுங்க போர்மேன்" என்றேன். "யாருக்குத்தான் தப்பு வராது?"

அவர் முகம் தெளிந்தது. டீயைக் குடித்தேன். பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவரை மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.